அறிவியலுக்கு ஈந்த கோட்டையூர் வள்ளல்

சென்ற தைத்திங்களில், பள்ளிப்பட்டில் உள்ள நம் இல்லத்திற்குப் பழைய மாணவர் ஒருவர் வந்திருந்தார். தறி நெய்யும் குடும்பத்தில் பிறந்தவர். நம்மிடம் வேதியியல் பயின்று, பின் சென்னையில் வேதிப்பொறியியல் கற்று, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஓர் ஆலையில் முப்பதாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர். தாம் படித்த கல்லூரியை ஏ.சி. டெக் என்று அவர் குறிப்பிட்டபோது, உடன் வந்திருந்த அவருடைய தம்பி மகன், அங்கே வகுப்பறைகள் எல்லாம் குளிரூட்டப்பட்டவையோ என்று வினவினான். நாங்கள் இருவரும் நகைத்தோம். சிறிது நேரங்கழித்து நகைப்பு அடங்கிப்போயிற்று. அவ்விரண்டு எழுத்துகள் எந்தப் பெருமகனாரின் பெயரைச் சுமக்கின்றன என்பதை அக்கல்லூரியில் பயிலும் பிள்ளைகளிலேயே பலர் அறியார் என்று அம்மாணவர் கூறினார். அதனாலேயே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

அழகப்பச் செட்டியார் என்பதே அப்பெயர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள், இராமநாதன் செட்டியாருக்கும் உமையாள் ஆச்சிக்கும் மகனாகத் தோன்றியவர். நகரத்தார் குலத்தில் பிள்ளைகள் எழுத்தும் கணக்கும் கற்றவுடன் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ பெட்டியடிக்குச் செல்வதே அந்நாளைய வழக்கம். இவரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். அக்குலத்தில் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே என்பர். பின்னர் இலண்டன் சென்று சட்டம் பயின்று பாரிஸ்டரானார். வங்கித் தொழிலிலும் பயிற்சி பெற்றார். அத்துடன் அமையாது வானூர்தி ஓட்டவும் கற்றார். ஆயினும் இவர் வழக்கு மன்றத்தில் வாதாடி வாழவில்லை. தாயகம் திரும்பி வணிகத்திலேயே இறங்கினார்.

அவர் ஈட்டிய வகைகளை விரித்துரைப்பது நம் நோக்கமன்று. திருச்சூருக்கு அருகே அவர் நிறுவிய நூற்பாலையைச் சூழ்ந்து எழுந்த ஊர் இன்றும் அழகப்பநகர் என்றே வழங்கப்படுகிறது. மலேயாவில் ஈயச்சுரங்கமும் ரப்பர்த் தோட்டமும், காப்பீட்டு நிறுவனங்கள், போருக்குப் பின் ஜூபிட்டர் ஏர்வேஸ் என்னும் வானூர்தி நிறுவனம் எனப் பல துறைகளிலும் கால் வைத்தார். சில ஓங்கின, சில விரைவில் சாய்ந்தன. வானூர்தி நிறுவனம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஈட்டுவதில் இவர் காட்டிய துணிவு எத்தகையதோ, அதனினும் பெரிய துணிவை ஈவதில் காட்டினார் என்பதே இவரைப் பற்றி நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

நகரத்தார்க்கு மகமை என்றொரு வழக்கம் உண்டு. வணிகத்தில் வரும் பொருளில் ஒரு பங்கை அறத்திற்கென ஒதுக்கி வைப்பது அது. அவ்வாறு சேர்ந்த பொருளால் திருக்கோயில் திருப்பணிகளும், அன்னச்சத்திரங்களும், வேத பாடசாலைகளும் நடந்தேறின. நம் சமணக் குடும்பங்களிலும் ஜினாலயத் திருப்பணிக்கும் பூசைக்கும் எழுதிவைத்த நிலங்கள் எத்தனை என்பதை வாசகர் அறிவர். இவ்வழக்கத்தைக் கல்வியின் பக்கம் திருப்பியவர்களுள் இராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னோடி. 1929இல் சிதம்பரத்தில் அவர்தம் பெயரால் பல்கலைக்கழகம் எழுந்தது. அழகப்பர் அதிலும் ஒரு படி மேற்சென்று, தொழில்நுட்பம், ஆய்வுக்கூடம் என்று நம் மக்கள் அறத்தோடு சேர்த்து எண்ணிப் பாராதவற்றிற்குப் பொருளை வழங்கினார்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம். அயல்நாட்டிலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்த மருந்துகளும் சாயங்களும் உரங்களும் தடைப்பட்டன. நம் நாட்டிலேயே அவற்றைச் செய்யலாம் என்றால், செய்யத் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. சோதனைக்குழாயில் ஒரு கிராம் பொருளைச் செய்யக் கற்ற வேதியியலர் இருந்தனர். அதனையே ஒரு டன் அளவில், வெடிக்காமல், வீணாகாமல், அடக்கமான செலவில் செய்யத் தெரிந்தவர் அரியர். சோதனைக்குழாயைச் சூடேற்றுவது எளிது. பத்தாயிரம் லிட்டர் கொள்ளும் கலத்தை ஒரே சீராகச் சூடேற்றுவதும், தேவைப்படும்போது உடனே குளிர்விப்பதும் வேறு கலை. அக்கலையே வேதிப்பொறியியல். அப்போது சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார் விளங்கினார். 1942 தொடங்கி 1969 வரை அப்பதவியை வகித்த பெரியவர் அவர். தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகத்திற்கு வேண்டும் என்ற அவர் எண்ணத்திற்கு அழகப்பர் 5 லட்சம் ரூபாய் வழங்கினார். 1944இல் தோன்றிய அக்கல்லூரியே அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. அது கிண்டியில் நிலைகொண்டது. வேதிப்பொறியியலும், நெசவுத் தொழில்நுட்பமும், தோல் தொழில்நுட்பமும் அங்கே கற்பிக்கப்பட்டன.

தோல் தொழில்நுட்பம் என்ற சொல்லைக் கண்டதும் நம் வாசகருள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கொல்லா நோன்பைக் குலநெறியாகக் கொண்ட நமக்கு அது ஒவ்வாத தொழிலே. நமக்கும் அந்நெருடல் உண்டு. அதனை மறைக்க விரும்பவில்லை. ஆயினும் நாம் இங்கே போற்றுவது நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கும் உழவர் வீட்டுப் பிள்ளைக்கும் ஓர் உயர்தொழிற்கல்வியின் கதவு திறந்ததையே. அக்கதவின் வழியே சென்ற ஒருவர்தாம் சென்ற தையில் நம் திண்ணையில் வந்து அமர்ந்தவர். பஞ்சுநூலை எரிசோடாக் கரைசலில் தோய்த்தால் அதற்குப் பளபளப்பும் சாயம் ஏற்கும் ஆற்றலும் கூடுவது ஏன் என்று பதின்மூன்று வயதில் நம்மைக் கேட்டவர் அவர். தறிக்குழிக்கு அருகில் வளர்ந்த பிள்ளைக்கே அக்கேள்வி எழும். அன்று நாம் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையைக் கிண்டியில்தான் அவர் கற்றார்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் வளர 1 லட்சம், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியற் கல்லூரி அமைய 5 லட்சம் என்று அழகப்பரின் கொடை தொடர்ந்தது. ஆங்கில அரசு அவருக்குச் சர் பட்டம் அளித்தது. நாடு விடுதலை பெற்றபின் அதனை அவர் துறந்தார்.

1947 ஜூலை 3ஆம் நாள், சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாக் கூட்டமொன்று நடைபெற்றது. மாவட்டங்களில் கல்லூரிகள் பெருக வேண்டும், செல்வர்கள் முன்வர வேண்டும் என்று இலட்சுமணசாமி முதலியார் அக்கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். அவையில் இருந்த அழகப்பர் அங்கேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்க 1 லட்சம் ரூபாய் தருவதாக அறிவித்தார். வாக்களித்த பொருள் வந்து சேர ஆண்டுக்கணக்கில் அலைவதை நாம் எத்தனையோ சங்கக் கூட்டங்களில் கண்டிருக்கிறோம். இங்கே அடுத்த திங்களே, நாடு விடுதலை பெற்ற அதே ஆகஸ்டில், காரைக்குடி காந்தி மாளிகையில் கல்லூரி தொடங்கிவிட்டது. சொந்தக் கட்டடம் எழும்வரை காத்திராது, இருக்கும் இடத்தில் வகுப்பைத் தொடங்குவது என்பது அவர் வழி.

இனி, நம் மனத்திற்கு மிக நெருங்கிய பகுதிக்கு வருகிறோம். விடுதலை பெற்ற இந்தியாவில் அறிவியல் ஆய்வுக்கூடங்களைத் தொடராக நிறுவும் திட்டம் டாக்டர் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் தலைமையில் உருவாயிற்று. இயற்பியலுக்குத் தில்லி, வேதியியலுக்குப் புணே என்று பெருநகரங்களில் இடம் பார்க்கப்பட்டது. மின்வேதியியலுக்கும் ஓர் ஆய்வகம் வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது, 15 லட்சம் ரூபாய் ரொக்கமும் 300 ஏக்கர் நிலமும் தருவதாக அழகப்பர் முன்வந்தார். ஆய்வகம் காரைக்குடியில் அமைந்தது. ஆறும் பெருந்தொழிலும் இல்லாத செம்மண் பூமி அது. வெயிலும் வேலமரமும் அங்கே மிகுதி. அத்தகைய ஊருக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்ததென்றால், அது ஒரு தனி மனிதரின் கொடையால் வந்ததேயன்றி வேறில்லை. 1948 ஜூலை 25ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14ஆம் நாள், பொங்கலன்று, அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் ஆய்வகத்தைத் திறந்து வைத்தார்.

மின்வேதியியல் என்றால் என்ன என்று நம் இல்லத்தரசியர் கேட்கக்கூடும். உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் உப்பும் நீரும் பிரிந்து மூன்று பொருள்கள் கிடைக்கின்றன. ஒரு முனையில் குளோரின் வாயு, மறுமுனையில் ஹைட்ரஜன் வாயு, கரைசலில் எரிசோடா. எரிசோடா இல்லையேல் சோப்பு இல்லை, காகிதம் இல்லை, துணியாலையும் நடவாது. குளோரின் இல்லையேல் நகரங்களில் குடிநீர்த் தூய்மை இல்லை. கடற்கரையில் விளையும் உப்பிலிருந்து இத்தனையும் பிறக்கின்றன. அலுமினியம் பிரிப்பதும், இரும்பின்மேல் துத்தநாகமும் நிக்கலும் பூசுவதும், மின்கலம் செய்வதும், கடற்காற்றில் பாலங்கள் துருப்பிடித்து இற்றுப்போவதைத் தடுப்பதும் இவ்வியலுக்குள் அடங்குவனவே.

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்றது காரைக்குடியில். அழகப்பர் 1950இல் தோற்றுவித்த பயிற்சிக் கல்லூரி அது. வீட்டைவிட்டு அத்தனை தொலைவு சென்ற முதற்பெண் நாம். இரவுணவை விளக்கேற்றும் முன்னரே முடிக்கும் நம் வழக்கத்தைக் கண்டு விடுதியில் முதலில் வியந்தனர். பின்னர் நமக்கென முன்கூட்டியே சோறு எடுத்து வைத்தனர். அவ்வாய்வகத்தைப் பொதுமக்கள் காண அனுமதித்த ஒரு நாளில் நாங்கள் வரிசையாகச் சென்று பார்த்தோம். பல்வேறு உலோகத் துண்டுகளைச் சட்டங்களில் பொருத்தி வெயிலிலும் மழையிலும் நிறுத்தி வைத்திருந்தனர். எது எத்தனை ஆண்டில் எவ்வளவு துருவேறுகிறது என்று கணக்கெடுப்பதற்காம். ஒரு தகட்டின் விடை தெரிய ஐந்தாண்டு, பத்தாண்டு காத்திருக்க வேண்டும். இத்தகைய பொறுமைக்கு யார் பொருள் தருவார் என்று அன்று நம் உள்ளத்தில் தோன்றியது. வணிகர் ஒருவர் தந்திருக்கிறார் என்பதை, மறுநாள் அவர் படத்தின்முன் வணங்கி நின்றபோது உணர்ந்தோம்.

அக்காத்திருப்பு வீண்போகவில்லை. எரிசோடா ஆலைகளில் நேர்மின்வாயாகக் கரியாலான கட்டிகளைப் பயன்படுத்தி வந்தனர். அவை நாளடைவில் தேய்ந்து கரையும். இடைவெளி பெருகப் பெருக மின்சாரம் வீணாகும். அவற்றிற்கு மாற்றாக, டைட்டானியம் உலோகத்தின்மேல் உரிய ஆக்சைடுகளைப் பூசிய, தேயாத மின்வாய்களைக் காரைக்குடி ஆய்வகத்தார் நம் நாட்டிலேயே உருவாக்கித் தொழிற்சாலைகளுக்கு வழங்கினர். டாக்டர் கே.எஸ்.ஜி. தாஸ், டாக்டர் எச்.வி.கே. உடுப்பா போன்ற பேரறிஞர்கள் அங்கே இயக்குநராய் விளங்கினர். சுழலும் மின்வாய்களைக் கொண்டு கரிமச் சேர்மங்களைச் செய்யும் முறைகளில் உடுப்பா அவர்கள் பெயர் பெற்றவர். 1988 முதல் அவ்வளாகத்திலேயே மாணவர்க்கு வேதி மற்றும் மின்வேதித் தொழில்நுட்பப் பட்டக்கல்வியும் அளிக்கப்பட்டு வருகிறது. ஆய்வும் போதனையும் ஒரே கூரையின்கீழ் நடப்பது எவ்வளவு நன்று என்பது ஆசிரியர்க்கே தெரியும்.

பொருளுடையோர் வேதியியலுக்கு ஈவது உலகில் புதிதன்று. ஜாம்ஷெட்ஜி டாட்டா தம் சொத்துகளை ஒதுக்கியதால் பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் எழுந்தது. 1909இல், அழகப்பர் பிறந்த ஆண்டிலேயே, அது தோற்றம் பெற்றது. அங்கே முதலில் தொடங்கிய துறைகளுள் வேதியியல் இடம்பெற்றது. வங்கத்தில் தாரக்நாத் பாலித், ராஷ்பிகாரி கோஷ் என்னும் இரு வழக்கறிஞர்கள் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கு வாரி வழங்கினர். பாலித் பெயரால் அமைந்த வேதியியல் இருக்கையில்தான் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராய் 1916இல் அமர்ந்தார். அமெரிக்காவில், செல்லுலோஸ் அசிடேட் இழைகளைத் தொழிலாக வளர்த்த டிரைஃபஸ் சகோதரருள் காமில் என்பவர், மறைந்த தம்பி ஹென்றியின் நினைவாக 1946இல் வேதியியலுக்கென்றே ஓர் அறக்கட்டளை நிறுவினார். எண்ணெய்த் தொழிலில் ஈட்டிய ராபர்ட் வெல்ச் என்பாரின் பொருளால் 1954இல் டெக்சாஸ் மாநிலத்தில் மற்றோர் அறக்கட்டளை தோன்றியது. இவ்விரண்டும் மூலதனத்தைத் தொடாது, அதன் வருவாயைக் கொண்டே இன்றளவும் ஆசிரியர்க்கும் ஆய்வாளர்க்கும் உதவி வருகின்றன.

மூலதனத்தைத் தொடாமை என்ற இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் அழகப்பர் வரலாற்றில் நம்மை உறங்கவிடாத பகுதி இதுவே.

கணித மேதை இராமானுஜன் பெயரால் சென்னையில் ஒரு கணித ஆய்வு நிறுவனத்தை 1950இல் அழகப்பர் தோற்றுவித்தார். டாக்டர் தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். உலகப் புகழ் பெற்ற கணித அறிஞர் அவர். வேப்பேரியில் இருந்த தம் மாளிகையிலேயே அழகப்பர் இடம் தந்தார். ஆண்டுதோறும் செலவை அவரே ஏற்றார். ஆனால் 1950களின் நடுவில் அவருடைய வணிகம் சரிந்தது. நோயும் சேர்ந்துகொண்டது. 1955இல் விஜயராகவனும் மறைந்தார், அவர்பின் சி.டி. இராஜகோபால் பொறுப்பேற்றார். கொடையாளரின் கைச்செலவையே நம்பியிருந்த அந்நிறுவனம் மூடப்படும் நிலைக்கு வந்தது. அமெரிக்காவிலிருந்த வானியல் அறிஞர் சந்திரசேகர் பிரதமர் நேருவுக்கு எழுதி முறையிட்டார். அதன்பின் 1957இல் சென்னைப் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக் காத்தது. காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்திற்கோ, கிண்டிக் கல்லூரிக்கோ இத்தகைய இடர் நேரவில்லை. காரணம் எளிது. ஒன்றை நிலமும் பணமுமாக ஒரே தவணையில் நாட்டிடம் ஒப்படைத்துவிட்டார். மற்றொன்றைப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்துவிட்டார். அவர் ஆலைகள் ஏறினாலும் இறங்கினாலும் அவற்றிற்குக் கவலையில்லை. தம் கையிலேயே வைத்து நடத்தியது மட்டும் தம் கை தளர்ந்தபோது தள்ளாடியது. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்மீது கொண்ட மதிப்பினாலேயே சொல்கிறோம். கொடுக்கும் பொருளின் அளவைப் பேசும் நாம், கொடுக்கும் முறையைப் பேசுவதில்லை.

அவரைப் பற்றிய நோயைக் குறித்தும் ஒளிக்காது எழுத வேண்டும். அழகப்பரைத் தொழுநோய் வருத்தியது. பெருஞ்செல்வர் என்று அண்டியிருந்தோர் பலர் விலகினர். அந்நோய்க்கு ஆளானவரை ஊரைவிட்டே ஒதுக்கிய காலம் அது. அவர் ஒளிந்து வாழவில்லை, கல்லூரிகளைச் சுற்றிவந்தார், மாணவரிடையே நடமாடினார். பெண்கள் கல்லூரிக்கு இடம் வேண்டியபோது தாம் வாழ்ந்த இல்லத்தையே கொடுத்தார். ஒப்பனைக்காக நாம் இதனை மிகைப்படுத்தவில்லை. காரைக்குடியில் நாம் பயின்ற நாளில் முதியோர் பலர் இதனைக் கண்கலங்கியே கூறக் கேட்டிருக்கிறோம்.

வேதியியல் ஆசிரியையாகிய நமக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. தொழுநோயைத் தீர்க்கும் டாப்சோன் என்னும் மருந்தின் மூலக்கூறு 1908இல், அதாவது அழகப்பர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னரே, ஜெர்மனியில் ஃபுரோம், விட்மன் என்னும் இருவரால் செய்யப்பட்டுவிட்டது. அவர்கள் மருந்தைத் தேடிச் செய்தவர் அல்லர். சாய வேதியியலைச் சார்ந்த ஆய்வில் பிறந்த பொருள் அது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆய்வேடுகளில் உறங்கிக் கிடந்தது. 1940களில்தான் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகள் அமெரிக்காவில் தொழுநோய்க்குப் பயன்பட்டன. நம் செங்கல்பட்டுத் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் இராபர்ட் காக்ரேன் டாப்சோனைக் கொடுத்துச் சோதித்தார். அதன்பின் இலட்சக்கணக்கானோர் நலம் பெற்றனர். 1908இல் அவ்விருவருக்கு ஆய்வுக்கூடமும் கண்ணாடிக்கலமும் கிடைக்காதிருந்தால் என்னவாகியிருக்கும் என்று நாம் பலமுறை எண்ணியதுண்டு. பயன் என்ன என்று கேட்டுக் கேட்டே பொருள் தருபவர் எவரும் அதற்குத் தந்திருக்க மாட்டார்.

1956இல் இந்திய அரசு அழகப்பருக்குப் பத்மபூஷண் விருது அளித்தது. மறு ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். இன்னும் ஒருநாள் இருந்திருந்தால் 48 வயது நிறைந்திருக்கும். அந்த ஆயுளில் கலைக்கல்லூரி, பயிற்சிக் கல்லூரி, பொறியியற் கல்லூரி, தொழிற்பயிலகம், பெண்கள் கல்லூரி, குழந்தைகள் பள்ளி என்று காரைக்குடியை ஒரு கல்வி நகரமாக்கிவிட்டார். கிண்டிக் கல்லூரி 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. காரைக்குடியில் 1985இல் தமிழக அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது.

இவற்றையெல்லாம் மாணவரிடம் பேசிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணமும் இருந்தது. அதனையும் வாசகரிடம் சொல்லிவிடுகிறோம். நம் கணவர் மறைந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. அவர்தம் நினைவாக ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தோம். ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம் என்று நம் நெறி வகுத்த நான்கு தானங்களுள் சாத்திர தானமாக அதனைச் செய்வதென்பது அவர் விருப்பம். நூல் ஒன்று அச்சிட்டு ஊர்தோறும் வழங்கலாம் என்று உறவினர் கூறினர். நம் மனமோ, நாம் முன்பு பணியாற்றிய ஒரு பள்ளியின் வேதியியல் அறையைச் சுற்றிவந்தது. அதற்குச் சென்று பார்த்தோம். அலமாரியில் அமிலப் புட்டிகள் காலியாய் இருந்தன. ஹாஃப்மன் வோல்டாமீட்டரின் ஒரு கண்ணாடிக் கை உடைந்து, செய்தித்தாளில் சுற்றி வைக்கப்பட்டிருந்தது. அதனைச் சுற்றிய தாளின் ஆண்டு நாம் ஓய்வு பெற்றதற்கும் முந்தியது. அங்கே மாணவர் செய்முறைத் தேர்வுக்குக் குறிப்பேட்டை மட்டும் நிரப்பிக் கொடுத்துவிட்டு, லிட்மஸ் தாளின் நிறமாற்றத்தைக் கண்ணாற் காணாமலே தேர்ச்சி பெறுகின்றனர்.

நாம் பணியில் இருந்த நாளிலும் எல்லாம் நிறைந்திருந்ததில்லை. தீர்ந்துபோன டார்ச் கட்டைகளைப் பிளந்து அவற்றினுள் இருக்கும் கார்பன் குச்சிகளை எடுப்போம். உப்பு நீரில் அவற்றை நிறுத்தி மூன்று புதிய கட்டைகளோடு கம்பியால் இணைப்போம். ஒரு குச்சியில் குமிழிகள் மிகுந்து எழும். மற்றதன் அருகே மூக்கை வைத்தால் சலவைத்தூளின் நெடி வரும். ஒரு துளி பினாப்தலீன் விட்டால், குமிழி எழும் பக்கம் மாதுளம்பூ நிறம் படரும். அந்நிறத்தைக் கண்டு எழும் கூச்சலைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்ப்பார். இச்சோதனைக்கு இன்றும் பெருஞ்செலவில்லை. பினாப்தலீன் புட்டி ஒன்று வேண்டும். அது தீர்ந்தால் மறு ஆண்டு வேறொன்று வாங்கித் தருவார் வேண்டும்.

அந்த மறு ஆண்டு என்பதில்தான் நம் எண்ணம் தடுமாறிக்கொண்டிருந்தது. தொகை முழுவதையும் கொண்டு ஒரே நாளில் கருவிகள் வாங்கி, பெயர்ப்பலகை வைத்து, விழா எடுப்பது ஒரு வழி. ஆண்டுதோறும் நாமே கடைக்குச் சென்று வாங்கிக் கொடுப்பது மற்றொரு வழி. முதல் வழியில் ஐந்தாண்டில் புட்டிகள் காலியாகிவிடும். இரண்டாம் வழியில், எழுபத்து நான்கு வயதான நம் முழங்கால்கள் எத்தனை ஆண்டுக்குச் சென்னைப் பாரிமுனைக் கடைத்தெருவில் படியேறும்? வேப்பேரி மாளிகையில் இயங்கிய கணித நிறுவனத்தின் கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மாணவர் தம் கூட்டாளிகளோடு கலந்து, தாமும் நம் தொகைக்கு ஈடாக ஒரு தொகை சேர்ப்பதாகச் சொன்னார்.

முடிவாக, மூலத்தொகையை எவரும் எடுக்க இயலாதவாறு வங்கியில் வைப்புநிதியாக இட்டுள்ளோம். அதன் வட்டி ஆண்டுதோறும் ஜூன் திங்களில் வேதியியல் அறைக்கு மட்டுமே சேர வேண்டும் எனத் தலைமையாசிரியர், பெற்றோர் சங்கப் பொறுப்பாளர், முன்னாள் மாணவர் ஒருவர் ஆகிய மூவர் கையொப்பத்தோடு எழுதிக்கொண்டோம். வட்டியின் ஒரு பகுதி மீண்டும் மூலத்தோடு சேரும், விலைவாசி ஏறுகிறதல்லவா? இவ்வேற்பாட்டைக் கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்தவரே கணக்கிட்டு வகுத்தார். கணவரின் பெயரை எங்கே பொறிப்பது என்று பள்ளியில் கேட்டனர். புட்டி அடுக்கும் அலமாரியின் உட்புறத்தில், புட்டி எடுக்கும்போது மட்டும் தெரியுமாறு எழுதுமாறு சொல்லியிருக்கிறோம். அவர் கூச்ச சுபாவம் உடையவர்.

முதல் ஆண்டுக்கான பட்டியலை நாமே எழுதிக் கொடுத்தோம். ஹாஃப்மன் வோல்டாமீட்டர் ஒன்று, பியூரெட் பன்னிரண்டு, பிப்பெட் பன்னிரண்டு, சோதனைக்குழாய் பத்து டஜன், லிட்மஸ் தாள் இருவகையும், பினாப்தலீன் இரண்டு புட்டி. ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பொருள்கள் வந்து சேர்ந்துவிட்டன. அடுத்த வாரம் வியாழக்கிழமை பிற்பகல், பதினோராம் வகுப்புக்கு உப்பு நீரைப் பிரித்துக் காட்ட நம்மை அழைத்திருக்கிறார்கள்.